கபடி ஆட்டத்துக்கு முன் நடுவர் கோச்சிடம் எப்படிப் பேசுவது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கபடிப் போட்டி நடத்தும் ஊர்களில், விழாக்குழு கூடினால் பரிசுத் தொகை, மேட் வாடகை, விளக்கு, நுழைவுக் கட்டணம், சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுப்பார்கள். நடுவர்களுக்கு மாவட்டக் கபடிக் கழகத்தில் சொல்லிவிடுவார்கள். அந்த நடுவர்கள் ஆட்டம் தொடங்கும் முன் அணிகளின் கோச்சுகளிடம் எதை, எப்போது, யாரை வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது மட்டும் எந்தக் கூட்டத்திலும் பேச்சுக்கு வராது. அது அன்றைக்கு வருகிற நடுவரின் பழக்கம். ஒருவர் இரண்டு பக்கமும் போய்க் கைகொடுத்துப் பேசிவிட்டு வருவார். இன்னொருவர் டாஸ் போட்ட கையோடு விசில் ஊதுவார்.

அப்புறம் இரவு ஒரு மணிக்கு, ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில், "இப்படி ஒரு ரூல் இருக்குன்னு எங்களுக்குச் சொல்லவே இல்லையே சார்" என்று ஒரு கோச் கோர்ட்டுக்குள் வந்து நிற்பார்.

கபடியில் தகராறுகள் இரண்டு வகை. தொட்டாரா இல்லையா, கோட்டை மிதித்தாரா இல்லையா என்பது ஒன்று. கண் இருக்கிற வரை அது இருக்கும். எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலானவற்றை, ஆட்டத்துக்கு முன் மூன்று நிமிடம் சரியாகப் பேசினாலே தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. எப்படிப் பேசுவது என்பதற்கு ஐந்து வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. எந்தப் போட்டிக்கு எது பொருந்தும் என்று பார்ப்போம். போட்டி நடத்தும் குழுவினரையும், நடுவர் தேர்வு எழுதி இப்போதுதான் விசிலைக் கையில் எடுத்திருக்கும் இளைஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

டாஸோடு நிறுத்திக்கொள்வது

இதுதான் மிகவும் பரவலான வழி. இரண்டு கேப்டன்களைக் கூப்பிடுவார்கள், நாணயத்தைச் சுண்டுவார்கள், கோர்ட்டா ரெய்டா (எந்தப் பக்கம் வேண்டும், அல்லது முதலில் பாடிப் போவதா) என்று கேட்பார்கள், ஆட்டம் ஆரம்பம். கோச்சிடம் ஒரு வார்த்தையும் கிடையாது.

இதற்கு ஆதரவாகச் சொல்ல நியாயங்கள் உண்டு. நேரம் மிச்சமாகும். நடுவர் யாரோடும் நின்று பேசவில்லை என்பதால் யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள். இரண்டு அணிகளும் அதே மாவட்டத்தில் வருடம் முழுக்க ஒன்றோடொன்று மோதிப் பழகியவை, நடுவரும் அவர்களுக்குத் தெரிந்தவர் என்றால் இது போதும்.

பிரச்சினை, கபடிக்கு ஒரே விதிப்புத்தகம்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறது என்று இந்த வழி நம்பிக்கொள்வதில் இருக்கிறது. நிலைமை அப்படி இல்லை. 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு அந்த லீகின் விதிதான் கபடி. முப்பது வருடம் மண்ணில் ஆடிய கோச்சுக்குப் பழைய விதிதான் கபடி. இருவரும் ஒரே கோர்ட்டில் நிற்கிறார்கள்.

இது ஊர்ப்போட்டிக்கு மட்டும் உரிய குழப்பம் என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலையில் இருந்தன. ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பாக்கி. இந்தியாவின் பவன் செராவத் டூ ஆர் டை ரெய்டுக்குப் போனார், அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினால் ரெய்டர் அவுட் ஆகும் ரெய்டு. எதிரணியில் யாரையும் தொடாமலே லாபிக்குள், அதாவது தொட்ட பிறகே ஆட்டத்தில் சேரும் ஓரப் பட்டைக்குள், கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்க வந்த ஈரான் வீரர்களும் அவரோடு லாபிக்குள் போனார்கள். புரோ கபடியில் ஆடப்படும் புதிய விதிப்படி ரெய்டர் மட்டும் அவுட், அத்தோடு ரெய்டு முடிந்தது. பழைய விதிப்படி பின்னால் வந்து லாபிக்குள் இறங்கிய டிஃபென்டர்களும் அவுட். எது செல்லும்? முடிவு மாறி மாறி வந்தது. இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியாவுக்குச் சாதகமாக முடிவு வந்து, 33-29 என்று இந்தியா வென்றது.

ஆசியாவின் மிகப் பெரிய கபடி மேடை. உலகின் தேர்ந்த வீரர்கள், தேர்ந்த கோச்சுகள், தேர்ந்த நடுவர்கள். அங்கேயே லாபி விதி எது என்பது இரு கோச்சுகளின் மனதிலும் ஒரே மாதிரி பதிந்திருக்கவில்லை என்றால், திருவிழாப் பந்தலில் டாஸோடு நிறுத்திக்கொள்வது போதும் என்று எப்படிச் சொல்ல முடியும்? "லாபியில் இந்த விதிதான்" என்று இரண்டு பேரையும் வைத்து ஒரு வரி சொல்லி, இருவரும் தலையாட்டியிருந்தால் அந்த ஒரு மணி நேரம் நடந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன்.

இரண்டு பெஞ்சுக்கும் தனித்தனியாகப் போவது

நடுவர்களில் நல்ல மனசுக்காரர்கள் பெரும்பாலும் செய்வது இது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மூத்த கோச் இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய், "வணக்கம் மாஸ்டர், இன்னைக்கு நான்தான் ரெஃப்ரி" என்று கைகொடுத்துவிட்டு நாலு வார்த்தை பேசுவார். பிறகு அந்தப் பக்கம் போய் அதையே பேசுவார்.

இதில் உண்மையான நன்மை உண்டு. பள்ளிப் பெண்கள் அணியை முதல் முறையாக அழைத்து வந்திருக்கும் ஒரு பி.டி. டீச்சர், மாநில அளவில் பெயர் பெற்ற கோச்சின் எதிரில் நின்று "சூப்பர் டேக்கிள்னா எத்தனை பேர் இருக்கணும் சார்?" என்று கேட்க மாட்டார். தனியாக வந்து நின்றால் கேட்பார். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் ஒரு புள்ளி கூடுதல் என்று பத்து வினாடியில் அவருக்குச் சொல்லிவிடலாம். கோபக்கார கோச் என்று பெயர் எடுத்தவரும் தனியாக மரியாதையோடு பேசினால் பாதி இறங்கிவிடுவார். மனிதர்கள் அப்படித்தான்.

ஆனாலும் நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. நடுவர் ஒரு பெஞ்சில் நின்று சிரித்துப் பேசுவதை எதிர்ப் பெஞ்சும், கேலரியில் இருக்கும் ஐநூறு பேரும் பார்க்கிறார்கள். என்ன பேசினார் என்பது அவர்களுக்குக் கேட்காது. கடைசி நிமிடத்தில் ஒரு போனஸ் புள்ளி மறுக்கப்பட்டால், அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் ஞாபகம் வரும். நடுவர் ஒரு பக்கம் ஒரு நிமிடமும் இன்னொரு பக்கம் மூன்று நிமிடமும் நின்றிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இரண்டாவது காரணத்தை அதிகம் பேர் யோசிப்பதில்லை. ஒரே விஷயத்தை இரண்டு முறை சொன்னால் இரண்டு விதமாகத்தான் சொல்வோம். ஒரு கோச் கேட்கும் கேள்வியை இன்னொருவர் கேட்க மாட்டார். இந்தப் பக்கம் லாபியைப் பற்றிப் பேச்சு வந்திருக்கும், அந்தப் பக்கம் டைம் அவுட் பற்றி வந்திருக்கும். நடுவர் மனதில் "ரெண்டு பேருக்கும் எல்லாம் சொல்லியாச்சு" என்று இருக்கும். தகராறு வந்தால் "என்கிட்ட நீங்க அப்படிச் சொல்லலையே சார்" என்பதற்குச் சாட்சி கிடையாது.

மற்ற விளையாட்டுகளில் தனித்தனியாகப் பேசுகிறார்களே என்று கேட்கலாம். அமெரிக்காவில் பள்ளி அளவிலான அமெரிக்கன் ஃபுட்பாலில் நடுவர்கள் ஒவ்வொரு தலைமைக் கோச்சையும் தனியாகச் சந்திப்பது நெடுநாள் வழக்கம். வீரர்கள் விதிப்படியான பாதுகாப்புக் கவசங்களோடு இருக்கிறார்களா என்று கோச் உறுதி சொல்ல வேண்டும். அதோடு, எதிரணியை ஏமாற்ற வழக்கத்துக்கு மாறான ஓர் ஆட்டமுறை வைத்திருந்தால், நடுவர் களத்தில் திகைத்துத் தவறாக விசில் ஊதிவிடக் கூடாது என்று முன்கூட்டியே காதில் போட்டுவைப்பார். எதிரணிக்குத் தெரியக் கூடாத ரகசியம் ஒன்று நடுவருக்குத் தெரிய வேண்டியிருப்பதால் அங்கே தனிச் சந்திப்பு நியாயமாகிறது. கபடியில் அப்படி ஒரு ரகசியம் கிடையாது. மூலையில் நிற்கும் கார்னர் எப்போது பாய்வார், அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் எப்போது அடைப்பார் என்பதெல்லாம் நடுவருக்கு முன்கூட்டித் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வாலிபாலில் ரகசியம் உண்டு. யார் எந்த இடத்தில் நிற்பார் என்பதை ஒவ்வொரு செட்டுக்கும் முன் கோச் எழுதிக் கொடுக்கிறார். எதிரணிக்கு அது காட்டப்படாது. அங்கேயும் ரகசியம் தாளில் போகிறதே தவிரப் பேச்சில் போவதில்லை. நல்ல முறை. நடுவரும் கோச்சும் ஒதுங்கி நின்று பேச வேண்டிய தேவையே வராது.

ஒரு வேலைக்கு மட்டும் நடுவர் ஒவ்வொரு பக்கமாகப் போகலாம், போகத்தான் வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம், கயிறு, காப்பு கழற்றியிருக்கிறார்களா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறார்களா என்ற சோதனை. அது எல்லோரும் பார்க்க, கோச் பக்கத்தில் நிற்க, பேச்சைக் குறைத்துச் செய்யும் வேலை. சோதனைக்குப் போன இடத்தில் விதி விளக்கம் ஆரம்பித்தால் மறுபடி அதே சிக்கல்தான்.

மேனேஜர் கூட்டம்

மாநில, மாவட்ட சாம்பியன்ஷிப் போட்டிகளிலும், முதலமைச்சர் கோப்பை மாதிரி அரசு நடத்தும் பெரிய போட்டிகளிலும் எல்லா அணிகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. எல்லா மேனேஜர்களையும் கோச்சுகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துத் தலைமை நடுவர் பேசுவது அங்கே சாத்தியம். எடை எப்போது பார்ப்போம், புகார் கொடுப்பது எப்படி, எந்த விதிப் பதிப்பு, எல்லாம் ஒரே வாயில் எல்லோருக்கும் போய்ச் சேரும். கேள்வி கேட்டால் பதிலும் எல்லோருக்கும் கேட்கும். இங்கிலாந்துக் கால்பந்திலும் சீசன் தொடங்கும் முன் நடுவர் தரப்பினர் கிளப்புகளுக்குப் போய் அந்த வருட விதி மாற்றங்களை விளக்குகிறார்கள். அளவுதான் வேறு, யோசனை ஒன்றுதான்.

ஆனால் ஊர்ப்போட்டியில் இது நடக்காது. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸில் போட்டாலும், அந்த நேரத்தில் பாதி அணிகள் வேனில் வந்துகொண்டிருக்கும். சில அணிகள் பக்கத்து ஊரில் இன்னொரு போட்டியில் தோற்றுவிட்டோ ஜெயித்துவிட்டோ பத்து மணிக்கு மேல்தான் வந்து சேரும். வந்த அணிகளும் கூட்டத்துக்கு யாரோ ஒருவரை அனுப்பும். பல நேரங்களில் அவர் அணிக்குச் செலவு செய்கிற அண்ணனாக இருப்பார். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து கத்தப்போகிறவர் வேறு ஆள். கூட்டத்தில் சொன்னது அவர் காதுக்கு வந்து சேராது.

பள்ளிப் போட்டிகளுக்கு மட்டும் இந்த வழியைத் தயங்காமல் சொல்வேன். காலையில் எல்லா அணிகளும் வந்துவிடுகின்றன. வருகிறவர்கள் ஆசிரியர்கள். கேட்டதைக் குறித்துக்கொள்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு.

தாளும் வாட்ஸ்அப்பும்

இப்போது எல்லாப் போட்டிக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நோட்டீஸ் அதில்தான் போகிறது, டிராவும் அதில்தான் வருகிறது. விதிகளையும் ஒரு பக்கத்தில் எழுதி அதிலேயே போட்டுவிடலாம். கோச்சு வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம், பையன்களுக்குக் காட்டலாம், சந்தேகத்தைப் போட்டி நாளுக்கு முன்பே கேட்கலாம்.

எழுத்துக்கு இருக்கும் பலம் பேச்சுக்குக் கிடையாது. எடை விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ என்பது கழகப் போட்டிகளின் வரம்பு. ஊர்ப்போட்டியில் குழுவே ஓர் எடையை வைக்கும், அல்லது ஓப்பன் என்று விடும். எடை எங்கே பார்ப்போம், ஷூவோடா ஷூ இல்லாமலா, ஒரு தடவை கூடுதலாக வந்தால் மறுபடி ஏற நேரம் உண்டா, காலிறுதிக்கு முன் மறுபடியும் பார்ப்போமா என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். கோர்ட் ஓரத்தில் வாயால் சொல்லி முடிக்கிற காரியமில்லை. அதே மாதிரி, வெளிமாநில அணிகள் வரும் அகில இந்தியப் போட்டிகளில் அந்தத் தாள் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். அரியானாவிலிருந்து வந்த கோச்சிடம் பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசிப் புரியவைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது ஆபத்து.

அந்த ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? விதிப்புத்தகத்தை அப்படியே எடுத்துப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். இந்தப் போட்டியில் எது மாறுகிறதோ, எதில் இரண்டு வழக்கம் இருக்கிறதோ அதை மட்டும் எழுதினால் போதும். ஆட்ட நேரம் முதலில். விதிப்படி ஆண்களுக்கு 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, நடுவில் 5 நிமிட இடைவேளை. பெண்களுக்குப் பாதிக்கு 15 நிமிடம். ஊரில் அணிகள் அதிகம் என்று இதைக் குறைப்பது வழக்கம். குறைத்தால் டைம் அவுட் எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதியில் பாதிக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 வினாடி. மூன்றாவது ரெய்டு டூ ஆர் டை உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, லாபியில் எந்த விதி, நாக் அவுட்டில் சமன் ஆனால் ஐந்து ஐந்து ரெய்டா வேறு வழியா. இவ்வளவுதான்.

இன்னொன்றையும் இந்தக் காலத்தில் எழுதியே ஆக வேண்டும். யூடியூபில் லைவ் ஓடுகிறது. ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் நாலு பேர் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடி வருகிறார்கள். வீடியோ பார்த்து முடிவு மாற்றப்படுமா, மாற்றப்படாதா? எது என்றாலும் சரி, முன்கூட்டி எழுதியிருந்தால் நடுவருக்கு நிற்க ஒரு தரை கிடைக்கிறது. எழுதாமல் விட்டு, ஒரு ஆட்டத்தில் ஃபோனைப் பார்த்து அடுத்த ஆட்டத்தில் பார்க்க மறுத்தால், அந்தப் போட்டியின் பெயர் அன்றைக்கே கெட்டுவிடும்.

தாளின் பலவீனம் வெளிப்படை. அனுப்பினோம் என்பதால் படித்தார்கள் என்று ஆகாது. குழுவில் இருநூறு குட்மார்னிங்குகளுக்குக் கீழே அது புதைந்திருக்கும். தாளை மட்டும் நம்பும் நடுவர், தகராறு வரும்போது "குரூப்ல போட்டிருந்தோமே" என்பார். அது சட்டப்படி சரியாக இருக்கலாம். எதிரில் நிற்கும் கோச்சு அதைக் கேட்டு அமைதியாக மாட்டார்.

நடுவர்கள் தனிப்பட்ட முறையில் கோச்சுகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது கூடவே கூடாது. நல்லெண்ணத்தில் அனுப்பிய ஒரு நிமிடப் பேச்சில் நடுவிலிருந்து பத்து வினாடியை வெட்டி ஊர் முழுக்கச் சுற்றவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நடுக்கோட்டில் இருவரையும் சேர்த்து

ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு, இரண்டு கோச்சுகளையும் இரண்டு கேப்டன்களையும் நடுக்கோட்டுக்கு அழைத்து, ரெஃப்ரி பேசுவது, இரண்டு அம்பயர்களும் பக்கத்தில் நிற்பது. என் தேர்வு இதுதான். மற்ற வழிகளைத் தேவைக்கு ஏற்ப இதோடு சேர்த்துக்கொள்ளலாம். இதை விட்டுவிடக் கூடாது.

பேஸ்பாலில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஆட்டத்துக்குச் சற்று முன், இரண்டு அணிகளின் தரப்பும் நடுவர்களும் ஹோம் பிளேட் பக்கத்தில் கூடுகிறார்கள். வீரர் பட்டியலைக் கொடுக்கிறார்கள். அப்புறம் அந்த மைதானத்துக்கே உரிய விதிகளைப் பேசுகிறார்கள். பந்து இந்தச் சுவரில் பட்டால் என்ன, அந்தக் கூரையில் மாட்டினால் என்ன என்று. ஒவ்வொரு மைதானமும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் இந்தப் பேச்சு தேவைப்படுகிறது. நம் ஊர்க் கோர்ட்டுகளுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! 13 மீட்டருக்கு 10 மீட்டர் என்பது ஆண்களுக்கான அளவு. அதைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்? கயிறு எங்கே கட்டியிருக்கிறது? மேட்டின் எந்த இணைப்பு தூக்கிக்கொண்டிருக்கிறது? எந்தப் பக்கத்து விளக்கு ரெய்டர் கண்ணில் அடிக்கிறது? பனி இறங்கினால் மேட்டைத் துடைக்க ஆட்டத்தை நிறுத்துவீர்களா? இதையெல்லாம் எந்தத் தாளிலும் முன்கூட்டி எழுத முடியாது. அங்கே நின்று, கையைக் காட்டி, இருவருக்கும் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய நன்மை, கோச்சுகள் இருவரும் ஒருவர் தலையாட்டுவதை மற்றவர் பார்ப்பது. நடுவர் சொன்னதை ஒப்புக்கொண்டதற்கு எதிராளியே சாட்சி. பிறகு ஆட்டத்தின் நடுவில் "சொல்லலையே" என்ற பேச்சு எழுந்தால் எதிர் கோச்சே "நடுக்கோட்டுல சொன்னாங்களே மாஸ்டர்" என்பார். நடுவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

யார் வந்து நிற்க வேண்டும் என்பதில் கண்டிப்பு வேண்டும். ஸ்கோர் ஷீட்டில் கோச் என்று யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் மட்டும். ஊர் அணிகள் பலவற்றில் கோச் என்று தனியாக யாரும் இருக்க மாட்டார்கள், கேப்டனே எல்லாம். அப்படியென்றால் அந்தப் பக்கம் பெஞ்சில் இருக்கும் ஒருவரை அன்றைக்குப் பொறுப்பாளராக அவர்களே சொல்லட்டும், பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடியும் வரை நடுவரிடம் பேச அவருக்கும் கேப்டனுக்கும் மட்டும்தான் உரிமை என்பது அங்கேயே முடிவாகிவிடும். ஒரே நேரத்தில் எட்டுப் பேர் நடுவரைச் சூழ்ந்துகொள்வதற்கு இதைவிட எளிய தடுப்பு எனக்குத் தெரியவில்லை.

என்ன பேசுவது? ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "வணக்கம் மாஸ்டர், வணக்கம் சார். ஆட்ட நேரம் பதினைஞ்சு, அஞ்சு, பதினைஞ்சு. டைம் அவுட் பாதிக்கு ஒண்ணு. டூ ஆர் டை உண்டு, சூப்பர் டேக்கிள் உண்டு. தொடாம லாபிக்குள்ள போனா ரெய்டர் மட்டும்தான் அவுட். வீடியோ பார்க்க மாட்டோம். அந்த மூலையில மேட் கொஞ்சம் தூக்கியிருக்கு, பசங்ககிட்ட சொல்லிடுங்க. ஏதாவது கேக்கணும்னா நீங்களும் கேப்டனும் மட்டும் வாங்க, ரெய்டு முடிஞ்சதும் கேளுங்க. இப்ப ஏதாவது சந்தேகம் இருக்கா?" நிதானமாகச் சொன்னால்கூட ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் கேள்விகளுக்கு.

எதைப் பேசக் கூடாது என்பதுதான் இன்னும் முக்கியம், புதிய நடுவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். "இன்னைக்கு நான் கோட்டை ரொம்ப டைட்டா பார்ப்பேன்" என்று சொல்லாதீர்கள். அது வாக்குறுதி ஆகிவிடும். முதல் பத்து நிமிடத்தில் ஒரு கால் கோட்டைத் தொட்டதைப் பார்க்கத் தவறினால், அந்த வாக்கைத்தான் திருப்பி எடுத்து வருவார்கள். போன போட்டியில் நடந்த சண்டையை ஞாபகப்படுத்தாதீர்கள். ஒரு வீரரின் பெயரைச் சொல்லி எச்சரிக்காதீர்கள், அவர் இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று மிரட்டலோடு ஆரம்பிக்கவும் வேண்டாம். மஞ்சள் காட்டினால் 2 நிமிடம் வெளியே என்பது கோச்சுகளுக்குத் தெரியும். கால்பந்தில் 2019 முதல் கோச்சுகளுக்கே அட்டை காட்டலாம் என்று விதியில் வந்தது. அங்கேயும் நல்ல நடுவர்கள் சந்திப்பை அட்டைப் பேச்சோடு தொடங்குவதில்லை.

"கொஞ்சம் ஒத்துழைப்புக் கொடுங்க மாஸ்டர்" என்று கெஞ்சும் தொனியும் வேண்டாம். அது கோச்சை நடுவருக்கு மேலே உட்காரவைத்துவிடும். விதியைச் சொல்லுங்கள், கேள்வியைக் கேளுங்கள், நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

இந்த வழிக்கும் குறை இல்லாமல் இல்லை. முன்பு சொன்ன அந்த பி.டி. டீச்சர் இங்கேயும் கேள்வி கேட்கத் தயங்கலாம். அவருக்காக ஸ்கோரர் மேஜையில் அந்த ஒரு பக்கத் தாளை வைத்திருங்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், அங்கே இருப்பவரிடம் கேட்கலாம். ஆட்டத்தில் விசில் ஊதாதவர் அங்கே பதில் சொல்வதால் சந்தேகத்துக்கும் இடமில்லை. இன்னொரு குறை, இரண்டு கோச்சுகளுக்கும் ஏற்கெனவே பகை இருந்தால் நடுக்கோட்டிலேயே வாய்த்தகராறு தொடங்கிவிடலாம். அப்போது ரெஃப்ரி பேச்சை அத்தோடு முடித்து டாஸ் போட்டுவிட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து கத்துவதற்குப் பதில் முன்னாலேயே வெளிப்பட்டது நல்லதுதான், நடுவருக்கும் எங்கே கண் வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

எந்தப் போட்டிக்கு எது

மாநில அளவில் என்றால் மேனேஜர் கூட்டம், கையில் தாள், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நடுக்கோட்டில் ஒரு நிமிடம். பள்ளிப் போட்டிக்குக் காலைக் கூட்டமும் நடுக்கோட்டுப் பேச்சும். அங்கே தாள் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். நட்பு ஆட்டம், பயிற்சி ஆட்டம் என்றால் டாஸோடு நிறுத்தினாலும் குற்றமில்லை.

ஊர்ப்போட்டிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம், ஸ்கோரர் மேஜையில் அதன் பிரதி, நடுக்கோட்டில் மூன்று நிமிடம். குழுவினர் உடனே கேட்பது நேரத்தைப் பற்றித்தான். கேட்க வேண்டியதுதான், விடிவதற்குள் இறுதி ஆட்டத்தை முடிக்க வேண்டுமே. கணக்குப் பார்ப்போம். 24 அணிகள் நாக் அவுட்டில் ஆடினால் மொத்தம் 23 ஆட்டங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று நிமிடம் என்றால் 69 நிமிடம் போய்விடும். ஆனால் எல்லாவற்றுக்கும் தேவையில்லை. காலிறுதிக்கு வந்துவிட்ட எட்டு அணிகளும் அதைக் குறைந்தது ஒரு முறை கேட்டிருக்கும். காலிறுதிக்கு முந்தைய 16 ஆட்டங்களுக்கு மூன்று நிமிடம், அதன் பிறகு வரும் 7 ஆட்டங்களுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 55 நிமிடத்தில் முடிகிறது. இரண்டு கோர்ட் போட்டிருந்தால் இன்னும் குறையும். அதோடு, முந்தைய ஆட்டம் முடிந்து மேட்டைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அடுத்த ஆட்டத்தின் கோச்சுகளைக் கூப்பிட்டுவிட்டால் இதில் பெரும்பகுதி தனி நேரமாகவே தெரியாது. மைக்கில் அறிவிப்பவரிடம் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். "அடுத்து ஆட இருக்கும் அணிகளின் கோச்சும் கேப்டனும் நடுக்கோட்டுக்கு வரவும்" என்று அவர் இரண்டு முறை சொன்னால் போதும், மூன்றாவது ஆட்டத்திலிருந்து யாரும் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள்.